மைனர் சுரவரிசைகளும் ஜாஸ் மனோதர்மமும்



மேனாட்டுச் சங்கீதத்தில் மைனர் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்திலேயே சோக ரசத்தை நினைத்துக்கொள்வது நம்மவரிடையே பழகிப்போன விஷயம். திரைப்படத்தில் துக்கக் காட்சி வந்தால் வயலின்கள் மைனரிலேதான் இழைகின்றன. ஆகையால் அந்த எண்ணத்துக்கு ஆதாரமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆயினும், 1928-ஆம் ஆண்டில் தாம் குடியிருந்த வண்டி தீப்பற்றியதால் இடது கையின் கடைசி இரு விரல்களும் முடங்கிப்போய், எஞ்சிய விரல்களைக் கொண்டே கிதாரில் அசாதாரணமான வேகத்தைச் சாதித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டும், அவரோடு வயலின் வாசித்த ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் 1937-இல் பாரிஸ் நகரில் பதிவு செய்த 'மைனர் ஸ்விங்' என்னும் இசைத்தட்டை ஒருமுறை கேட்டவர்கள், மைனருக்கும் கண்ணீருக்கும் கட்டாய சம்பந்தம் ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள். பெரும்பாலும் மூன்றே கார்டுகளைச் சுற்றிச் சுழலும் அந்த உருப்படியில் உற்சாகத்துக்குக் குறைவே இல்லை. ஆகவே ரச விசாரணையை இன்று ஒருபுறம் ஒதுக்கிவைத்துவிட்டு, மைனர் சுரவரிசையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓயாமல் மாறிச் செல்லும் கார்டுகளின் மேல் மனோதர்மம் பண்ணப் புகும் ஜாஸ் கலைஞர் அதன் ஆறாவது, ஏழாவது சுரங்களை எப்படி ஆளுகிறார் என்னும் ஒரே விஷயத்தை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கார்டு என்பது ஒரே சமயத்தில் ஒலிக்கும் மூன்று நான்கு சுரங்களின் சேர்க்கை என்பதும், ஒரு பாட்டுக்கு இத்தகைய சேர்க்கைகள் ஒரு நிர்ணயமான வரிசையில், பெரும்பாலும் முப்பத்திரண்டு பார் கொண்ட ஒரு சுற்றாக அமைந்திருக்கும் என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்ததே. நான்கு அடி கொண்டது ஒரு பார். பாட்டின் மெட்டை ஒருமுறை வாசித்து முடித்ததும், பியானோவும் பாஸும் டிரம்ஸும் அதே சுற்றைத் திரும்பத் திரும்ப நடத்திக்கொண்டிருக்க, டிரம்பெட்டோ சாக்ஸஃபோனோ வாசிப்பவர் அச்சுற்றின் மேல் புதிய மெட்டுக்களை அந்தந்தக் கணத்திலேயே கற்பித்துக்கொண்டு போகிறார். நம்முடைய கல்பனா ஸ்வரத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது; ஆனால் நம் வித்வானுக்குத் தம்புராவின் ஷட்ஜ பஞ்சமம் ஆதியோடந்தமாக மாறாமல் நிற்கிறது, ஜாஸ் வித்வானுக்கோ அடியில் இருக்கும் ஆதாரமே இரண்டு வினாடிக்கு ஒருமுறை வேறாகிவிடுகிறது. முந்திய பாரில் இனித்த சுரம் அடுத்த பாரில் உறுத்தக்கூடும் என்ற இந்த நிலைமையிலிருந்தே நான் சொல்லப் போகும் அனைத்தும் பிறக்கின்றன.

மைனர் சுரவரிசையின் கீழ்ப்பாதியில் தகராறே கிடையாது. ஷட்ஜம், சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம் என்ற ஐந்தும் நிலையானவை. அதற்கு மேலே போகும்போதுதான் இரண்டு தைவதங்களும் இரண்டு நிஷாதங்களும் எதிர்ப்படுகின்றன. அவற்றைக் கூட்டிப் பார்த்தால் நான்கு விதமான சேர்க்கைகள் உண்டாகின்றன. இந்த நான்கையும் நம்முடைய மேளகர்த்தா பத்ததி ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிறுத்தியிருப்பது வெகு அழகான ஒரு சௌகரியம். வேத சக்கரத்தில் 20-ஆவதான நடபைரவி அவர்களுடைய நேச்சுரல் மைனர். 21-ஆவதான கீரவாணி ஹார்மானிக் மைனர். 22-ஆவதான கரஹரப்பிரியா டோரியன். 23-ஆவதான கௌரிமனோகரி, ஏறும்போது மெலோடிக் மைனர் என்று அவர்கள் அழைப்பது. கமகம், ஜீவசுரம், விசேஷப் பிரயோகம் முதலியவற்றால் உயிர் பெறும் ராகங்களை நான் இங்கே பேசவில்லை, வெறும் சுரத்தானங்களை மாத்திரமே பேசுகிறேன் என்பதை மகா வித்வான்கள் மன்னித்துக் கவனிக்க வேண்டும்.

மேனாட்டார் இந்த நான்கில் ஒன்றோடு திருப்தி அடையாமல் ஏன் தாவித் தாவிச் செல்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் பஞ்சமத்தின் மேல் எழும் கார்டு. பஞ்சமம், காகலி நிஷாதம், ரிஷபம், மத்தியமம் என்ற நான்கும் சேர்ந்த அந்தக் கார்டிலே, அரை சுரத் தொலைவில் நிற்கும் காகலி நிஷாதம் மேல் ஷட்ஜத்தை நோக்கி இழுக்கிற இழுப்புத்தான் வீடு திரும்பும் உணர்ச்சியைக் கொடுக்கிறது. கைசிகி நிஷாதத்துக்கு அந்த இழுப்புப் போதாது. ஆகவே நிஷாதத்தை உயர்த்தினார்கள். உயர்த்தியதும் சுத்த தைவதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. கீரவாணியில் ஊறிய நமக்கு அந்த இடைவெளியே அதன் சௌந்தரியம், ஆனால் ஐரோப்பியத் தேவாலயப் பாடகர்களின் மரபுக்கு அது கரடுமுரடாகப் பட்டது. அதைச் சமன் செய்யத் தைவதத்தையும் உயர்த்தினார்கள். இறங்கும்போது ஷட்ஜத்தை நோக்கிய இழுப்புக்கு அவசியம் இல்லாமையால் இரண்டையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இவ்விதமாக ஏறுவது ஒரு மாதிரி, இறங்குவது வேறு மாதிரி என்று பாடப் புத்தகங்களில் விதி அமைந்தது. ஜாஸ் வாத்தியக்காரர்கள் இந்த விதியைப் பொருட்படுத்துவதில்லை. மெலோடிக் மைனரை ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே மாதிரியாகவே வாசிக்கிறார்கள். கௌரிமனோகரியை அறிந்த நம் மாணவனுக்கு இந்த விஷயத்தில் மறக்க வேண்டியது எதுவும் இல்லை.

ஆறாவது, ஏழாவது சுரங்கள் நால்வகையாக அலைவதைக் காதால் கேட்டு உணர வேண்டுமானால், ரிச்சர்ட் ராஜர்ஸ் 1937-இல் 'பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்' என்ற இசை நாடகத்துக்காக அமைத்த 'மை ஃபன்னி வேலன்டைன்' என்னும் பாட்டின் முதல் நான்கு பார்களைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சி மைனர் கார்டு அப்படியே நிற்கிறது. அதற்குள்ளே ஒரே ஒரு குரல் மட்டும் மேல் ஷட்ஜத்தில் தொடங்கி, காகலி நிஷாதத்துக்கு இறங்கி, கைசிகி நிஷாதத்துக்கு நழுவி, சதுச்ருதி தைவதத்தில் வந்து நிற்கிறது. அதற்கடுத்த கார்டிலே சுத்த தைவதம் காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு பாருக்கு ஒரு படி. சுரவரிசை ஒன்றை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, சி மைனர் என்று எழுதியிருக்கிறதே என்ற தைரியத்தில் நான்கு பாருக்கும் நடபைரவியையே வாசித்துவிடுகிற மாணவன், இரண்டாவது பாரில் கைசிகி நிஷாதத்தை நீட்டிப் பிடிக்கும்போது பியானோவில் ஒலிக்கும் காகலி நிஷாதத்தோடு மோதிக்கொள்கிறான். தப்பு எங்கே என்று அவனுக்கு விளங்குவதில்லை. தாளில் எழுதிய சுரவரிசை சரியாகத்தானே இருக்கிறது! செட் பேக்கர் 1952-இல் ஜெரி மல்லிகனின் குழுவோடு பதிவு செய்த வாசிப்பை அவன் பொறுமையாகக் கேட்கட்டும். அந்தக் குழுவில் பியானோவே கிடையாது. கார்டை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் பாஸும் தத்தம் ஒற்றைச் சுரங்களாலேயே அதை உணர்த்தியாக வேண்டியிருந்தது.

இனி ஒரு முழுப் பகுதியைக் கிட்ட இருந்து பார்ப்போம். ஜோசஃப் காஸ்மா என்ற ஹங்கேரிய இசையமைப்பாளர் பிரான்சில் இருந்த காலத்தில் இயற்றி, பின்னர் 'ஆட்டம் லீவ்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரால் உலகப் பிரசித்தி அடைந்த பாட்டு, ஜாஸ் பயில்கிறவர்கள் அனைவரும் ஆரம்பத்திலேயே கற்கும் உருப்படி. கானன்பால் ஆடர்லி 1958-இல் மைல்ஸ் டேவிஸுடன் சேர்ந்து ப்ளூ நோட் கம்பெனிக்காக 'சம்திங் எல்ஸ்' என்ற இசைத்தட்டில் அதை ஜி மைனரில் வாசித்திருக்கிறார். ஜி-யை நம் ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் எட்டுப் பார்களில் முதல் நான்கு கார்டுகள் முறையே மத்தியமம், கைசிகி நிஷாதம், காந்தாரம், சுத்த தைவதம் என்ற சுரங்களின் மேல் எழுகின்றன. நான்கிலும் உள்ள சுரங்கள் யாவும் நடபைரவிக்குள் அடக்கம். ஐந்தாவது பாரில் ரிஷபத்தின் மேல் எழும் கார்டும் நடபைரவிதான். ஆறாவது பாரில் பஞ்சமத்தின் கார்டு வருகிறது. காகலி நிஷாதம் தலைகாட்டுகிறது. ஏழிலும் எட்டிலும் வீடு, அதாவது ஜி மைனர். எட்டுப் பார்களில் ஒரே ஒரு பாரில்தான் காகலி நிஷாதத்துக்கு வேலை என்பதைக் கவனித்தீர்களானால், அந்தச் சுரத்துக்கு இருக்கும் அபூர்வ மதிப்பு விளங்கும். முதல் பாரிலிருந்தே கீரவாணியை அள்ளிக் கொட்டுகிறவர் அந்த மதிப்பைத் தாமே செலவழித்துவிடுகிறார். கைதேர்ந்தவரோ ஐந்து பார்கள் வரையில் கைசிகி நிஷாதத்தைக் காதில் பதியவைத்து, ஆறாவது பாரில் அதற்கு அரைச் சுரம் மேலே விரலை வைக்கிறார். கேட்பவருக்கு அந்த ஒரு சுரத்திலேயே கதை திரும்புவது தெரிந்துவிடுகிறது.

ஆறாவது பாரில் கைசிகி நிஷாதம் கண்டிப்பாகக் கூடாதா என்று ஒருவர் கேட்கலாம். கூடும். கார்டின் உள்ளே காகலி நிஷாதம் ஒலிக்கும்போது மேல் ஸ்தாயியில் கைசிகி நிஷாதத்தை அழுத்தி, சுத்த தைவதத்தின் வழியாகப் பஞ்சமத்துக்கு இறங்கினால் அதற்கு ஒரு காரமான ருசி உண்டாகிறது. ப்ளூஸ் மரபிலே பிறந்த காதுக்கு அது மிகவும் இஷ்டம். மேஜர் கார்டின் மேல் சாதாரண காந்தாரத்தைப் பிடித்து வளைக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் அந்தப் பழைய மரபு மைனர் இலக்கணத்துக்குள் அடங்கவே அடங்காதாகையால் அதைப் பற்றி இன்று நான் பேசப் போவதில்லை. தெரிந்து அழுத்துவதற்கும் தெரியாமல் இடறுவதற்கும் உள்ள வித்தியாசம், அடுத்த சுரம் எங்கே போகிறது என்பதிலேயே வெளிப்பட்டுவிடும் என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

இதுவரை சொன்னது, பாட்டின் சொந்த மைனருக்குள்ளேயே இருந்து சமாளிக்கும் வழி. 1940-களுக்குப் பிறகு வந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வேறு ஆதாரங்களில் நிற்கும் மைனர்களைக் கடன் வாங்கும் வித்தையைச் சாஸ்திரமாகவே வளர்த்துவிட்டார்கள். சி மைனரில் வீடு திரும்பும் மூன்று கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் ரிஷபத்தின் மேல் எழும் டி ஹாஃப் டிமினிஷ்டு, பிறகு பஞ்சமத்தின் மேல் எழும் ஜி செவன்த், கடைசியில் சி மைனர். முதல் கார்டுக்கு எஃப் மெலோடிக் மைனர். இரண்டாவதற்கு ஏ ஃபிளாட் மெலோடிக் மைனர். மூன்றாவதற்கு சி மெலோடிக் மைனர். அதாவது ஒரே கௌரிமனோகரியை மூன்று ஷட்ஜங்களில் நிறுத்துகிறார்கள். நம் வித்வான்கள் ஸ்ருதி பேதம் என்று செய்து காட்டுவதன் மறுதலை இது. அங்கே சுரங்கள் நிலைத்திருக்க ஷட்ஜம் பெயர்கிறது, இங்கே சுரவரிசையே ஷட்ஜத்தோடு பெயர்த்து எடுக்கப்படுகிறது.

இதனால் விரலுக்குக் கிடைக்கும் லாபத்தை ஒரு சிறிய பிரயோகத்தைக் கொண்டே காட்டிவிடலாம். ச ரி க ப என்ற நான்கு சுரங்கள் போதும். எஃப்பை ஷட்ஜமாக வைத்து வாசித்தால் எஃப், ஜி, ஏ ஃபிளாட், சி. ஏ ஃபிளாட்டை ஷட்ஜமாக வைத்தால் ஏ ஃபிளாட், பி ஃபிளாட், பி, இ ஃபிளாட். சி-யை வைத்தால் சி, டி, இ ஃபிளாட், ஜி. ஒரே உருவம் மூன்று தடவை மேலேறிச் செல்கிறது. கேட்பவருடைய காது உருவத்தைப் பிடித்துக்கொள்வதால் நடுவில் உள்ள விபரீதமான சுரங்களையும் சலனமின்றி ஏற்றுக்கொள்கிறது. நடுவில் நிற்கும் ஏ ஃபிளாட் மைனரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பாட்டின் ஷட்ஜமாகிய சி அதிலே கிடையவே கிடையாது! ரிஷபமான டி-யும் இல்லை. பாட்டின் இரண்டு நிஷாதங்களும் சேர்ந்தே இருக்கின்றன. கார்டுக்கு இன்றியமையாத பி-யும் எஃப்பும் பத்திரமாக இருக்கின்றன. ஒரு பார் முழுவதும் ஷட்ஜத்தைக் காதுக்குக் காட்டாமல் மறைத்துவைத்து அடுத்த பாரின் முதல் அடியில் கொடுப்பதனால்தான் அந்த முடிவு அத்தனை தீர்மானமாக ஒலிக்கிறது என்பது என் அபிப்பிராயம். முதல் கார்டுக்குச் சொன்ன எஃப் மைனரைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் கிடையாது. அதில் வரும் அந்தர காந்தாரத்தில், அதாவது இ-யில், நின்றுவிட்டால், பாட்டு சி மேஜருக்குப் போகிறது என்ற பொய்யான எதிர்பார்ப்பு ஏற்பட்டுவிடுகிறது. போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போனால் மணம் உண்டு.

ஜி செவன்த்துக்குப் பதிலாக டி ஃபிளாட் செவன்த்தை வாசிக்கும் வழக்கமும் இந்த ஏ ஃபிளாட் மைனராலேயே விளங்கும். இரண்டு கார்டுகளுக்கும் பி, எஃப் என்ற இரண்டு சுரங்கள் பொது. இரண்டுக்கும் ஏற்ற சுரவரிசையும் ஒன்றே. ஜி-யிலிருந்து பார்த்தால் பஞ்சமமே இல்லாத ஒரு விசித்திரமான வரிசை. டி ஃபிளாட்டிலிருந்து பார்த்தால் நமக்கு நன்கு பரிச்சயமான வாசஸ்பதி. டிஸி கில்லெஸ்பியின் 'எ நைட் இன் டுனீஷியா' முழுக்க முழுக்க இந்த உபாயத்தின் மேலேயே எழுந்த கட்டடம் என்று சொல்லலாம்: இ ஃபிளாட் செவன்த்திலிருந்து டி மைனருக்கு அரைச் சுரம் சரிந்து இறங்கும் அசைவுதான் அதன் ஆரம்பம். அங்கே முதல் கார்டுக்கு பி ஃபிளாட் மெலோடிக் மைனரை வாசிக்கலாம். டி-யை அதில் தேடினால் அகப்படாது. சார்லி பார்க்கர் 1946-இல் இந்த உருப்படியைப் பதிவு செய்தபோது, மற்றவர்கள் எல்லாரும் வாத்தியத்தை நிறுத்திவிட, நான்கு பார் அளவுக்கு அவர் தனியாகப் பொழிந்த இடம் தனிப் பதிவாகவே வெளியிடப்படும் அளவுக்குப் புகழ் பெற்றது.

எந்தக் கார்டைக் கண்டாலும் அதற்குள் ஒரு மைனரைக் கண்டுபிடித்து அதிலேயே சிந்திப்பது என்ற கொள்கையை எல்லை வரையில் கொண்டுபோனவர் ஃபிலடெல்ஃபியாவில் 1944-இல் பிறந்த பாட் மார்டினோ என்ற கிதார் கலைஞர். சி செவன்த் வந்தால் அவர் ஜி மைனரை நினைப்பார். சி மேஜர் வந்தால் ஏ மைனரை நினைப்பார். பி ஹாஃப் டிமினிஷ்டு வந்தால் டி மைனர். ஒரே விரல் அமைப்பில் ஊறிப்போன கை எந்தக் கார்டின் மேலும் தயங்காமல் ஓடுவதற்கு இது வழி செய்தது. 1980-இல் மூளையில் செய்த அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தம் ஞாபகங்களையும் கிதார் வித்தையையும் ஒருங்கே இழந்துவிட்ட இவர், தம்முடைய பழைய இசைத்தட்டுக்களையே ஆசானாகக் கொண்டு மறுபடியும் கற்று, 1987-இல் மேடை ஏறினார். அவ்வாண்டில் பதிவான இசைத்தட்டுக்கு 'தி ரிட்டர்ன்' என்று பெயர். இவருடைய கொள்கையில் எனக்கு ஒரு குறை தென்படுகிறது. எல்லாவற்றையும் மைனராக மாற்றிச் சிந்திக்கிற மாணவன், கார்டின் ஆதார சுரம் எது என்பதையே காதால் கேட்க மறந்துவிடுகிறான். மார்டினோவுக்கு அந்த ஆபத்து இருக்கவில்லை, அவரைப் பின்பற்றுகிறவர்களுக்கு உண்டு.

கார்டுகளின் நெரிசலே வேண்டாம் என்று விலகிப் போனவர்களும் உண்டு. மைல்ஸ் டேவிஸ் 1959-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் நியூயார்க்கில் பதிவு செய்த 'ஸோ வாட்' என்னும் உருப்படியில் பதினாறு பார்கள் டி டோரியன், எட்டுப் பார்கள் இ ஃபிளாட் டோரியன், மறுபடி எட்டுப் பார்கள் டி டோரியன், அவ்வளவே. பஞ்சமத்தின் கார்டே வராததனால் காகலி நிஷாதத்தின் தொல்லை இல்லை. கரஹரப்பிரியாவின் சுரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மௌனத்தையும் தாராளமாகக் கலந்து, டேவிஸ் வாசிக்கும் பகுதியைக் கேட்டால் நம் ரசிகர்களுக்கு அந்நியம் என்றே தோன்றாது. ஆயினும் ஆறு ஏழு என்ற என் கேள்விக்கு அது விடை சொல்லவில்லை, கேள்வியையே எடுத்துவிட்டது.

விடை ஒன்றை, அதுவும் பியானோ சாவிகளின் மேலேயே காட்டக்கூடிய விடை ஒன்றை, எனக்குத் தெரிந்த வரையில் தெளிவாகச் சொன்னவர் பாரி ஹாரிஸ். டிட்ராய்ட் நகரில் 1929-இல் பிறந்து, 2021-இல் காலமாகும் வரையில் ஓயாமல் போதித்துக்கொண்டே இருந்த பியானோ ஆசிரியர் அவர். ஒரு பாருக்கு நான்கு அடி, அடிக்கு இரண்டு சுரம் என்ற கணக்கில் வாசித்தால் எட்டு இடங்கள் கிடைக்கின்றன. சுரவரிசையிலோ ஏழே சுரங்கள் இருக்கின்றன. ஆகையால் ஷட்ஜத்தில் தொடங்கி மேலேறினால் இரண்டாவது சுற்றிலே ஷட்ஜம் அடியின் மேல் விழாமல் அடிக்கு நடுவே விழுந்து, கார்டின் சுரங்களும் தாளமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்துவிடுகின்றன. பீபாப் என்னும் ஜாஸ் பாணியின் பழைய வித்வான்கள் நடுநடுவே ஓர் அரைச் சுரத்தைச் சேர்த்து இதைச் சரிக்கட்டிக்கொண்டார்கள். ஹாரிஸ் அதை விதியாகவே வகுத்தார். மைனருக்கு அவர் கொடுத்த வரிசை, கௌரிமனோகரியோடு சுத்த தைவதத்தையும் சேர்த்த எட்டுச் சுரங்கள்: சி, டி, இ ஃபிளாட், எஃப், ஜி, ஏ ஃபிளாட், ஏ, பி.

இரண்டு தைவதங்கள் அடுத்தடுத்து வருவதை நம் சாஸ்திரம் அனுமதிப்பதில்லை என்று முணுமுணுக்கும் குரல் முன் வரிசையிலிருந்து கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் சி, இ ஃபிளாட், ஜி, ஏ என்ற நான்கும் ஒரு கூட்டம். அதுவே சி மைனர் ஸிக்ஸ்த் கார்டு, அதாவது வீடு. விட்டுப்போன டி, எஃப், ஏ ஃபிளாட், பி என்ற நான்கும் மற்றொரு கூட்டம். அடியில் ஒரு ஜி-யைச் சேர்த்துவிட்டால் அதுவே பஞ்சமத்தின் கார்டு, அதாவது வீட்டுக்குத் திரும்பும் பாதை. ஒரு வரிசைக்குள்ளேயே இரண்டு கார்டுகளும் மாறி மாறிப் பின்னிக் கிடக்கின்றன. சதுச்ருதி தைவதம் வீட்டைச் சேர்ந்தது, சுத்த தைவதம் பாதையைச் சேர்ந்தது.

மேடையில் இருக்கும் நண்பர் இதை இப்போது பியானோவில் வாசித்துக் காட்டுவார். முதலில் இடது கையில் சி மைனர் ஸிக்ஸ்த்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மேல் ஷட்ஜத்தை முதல் அடியின் மேல் வைத்து, எட்டுச் சுரங்களின் வழியாகக் கீழ் ஷட்ஜம் வரையில் இறங்குவார்: அடிகளின் மேல் சி, ஏ, ஜி, இ ஃபிளாட் விழுவதையும், சுத்த தைவதம் இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவே மின்னி மறைவதையும் கவனியுங்கள். பிறகு இடது கையை ஜி செவன்த்துக்கு மாற்றிக்கொண்டு, அதே இறக்கத்தை ஷட்ஜத்துக்குப் பதிலாகக் காகலி நிஷாதத்திலிருந்து ஆரம்பிப்பார். ஒரு சுரம்கூட மாறாது, ஆனால் இம்முறை அடிகளின் மேல் பி, ஏ ஃபிளாட், எஃப், டி என்ற நான்கும் விழும், சதுச்ருதி தைவதம் அடியின் இடைவெளிக்குப் போய்விடும்.